பிள்ளையாருக்கு எழுதிக் கொடுத்த ஒற்றி

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்னைப் பேச விட வேண்டாம் என்று யோகம் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். யோகம் என் மனைவி. "உந்த மனிசன் வாய் திறந்தால் பொங்கல் ஆறிப்போகும்" என்பது அவள் கட்சி. அதில் பிழையில்லை. நான் அப்புக்காத்து, அதாவது வக்கீல். இலங்கையில், மல்லாகம் கோட்டில் காணி வழக்குப் பேசிப் பேசியே வளர்ந்த வாய் இது. ஆகவே வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன். அடியார்கள் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசிக்கலாம். பிள்ளையார் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் நான் கண்ணை மூடினால் அது நன்றிகெட்ட வேலை.

அறுபதுகளின் கடைசியில் யோகத்துக்கு மொன்றியலில் தாதி வேலை கிடைத்தது. பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். கோட்-டெ-நெய்ஜில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு. என் கறுப்புக் கோட்டையும் அங்கியையும் மடித்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். வந்த பிறகுதான் விளங்கியது. இந்த மாகாணத்தில் வழக்குப் பேசுவதென்றால் பிரெஞ்சுச் சட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு முதல் குடியுரிமை வேண்டும். ஆனா ஆவன்னாவில் தொடங்கும் வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். பெட்டி மூடியபடியே கிடந்தது.

லாசாலில் ஒரு பண்டகசாலையில் வேலைக்குப் போனேன். காலையில் பஸ், பிறகு மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். பெட்டி அடுக்குவதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோறு போட்ட வேலை. ஆனால் அங்கே வாய்க்கு வேலையில்லை. நாள் முழுக்க "இங்கே வை, அங்கே வை" என்பதைத் தவிர ஒரு பேச்சுக் கிடையாது. வாயால் பிழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன? மெல்ல மெல்ல வீட்டிலும் பேச்சு நின்றது. சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு பனியைப் பார்த்தபடி இருப்பேன். யோகத்துக்குப் பயம் பிடித்தது.

"என்னப்பா இது, ஒருக்கால் சண்டையாவது பிடியுங்கோவன். இப்பிடி ஊமை மாதிரி இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்" என்றாள்.

சண்டை பிடிக்கவும் எனக்குத் தெம்பில்லை. நான் முடிந்துபோனவன் என்றே நினைத்தேன். இரவில் விழித்துக் கிடந்து பழைய வழக்குகளை மனதுக்குள் பேசுவேன். நீதவான் இல்லாத கோடு, கட்சிக்காரன் இல்லாத வழக்கு. அழுகை வரும்.

ஒரே ஒரு வழி தெரிந்தது. பிரித்தானியச் சாம்ராஜ்யத்தில் சூரியன் அநேகமாக மறைந்துவிட்டாலும், சில தீவுகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் நின்ற காலம் அது. அங்கெல்லாம் அரச சட்டத்தரணிகள் தேவைப்பட்டார்கள். இலங்கையில் படித்தவர்களையும் எடுத்தார்கள். நான் ஹொங்கொங்குக்கு எழுதினேன். பசிபிக் தீவுகளுக்கு எழுதினேன். கரீபியன் பக்கம் எழுதினேன். எல்லா இடத்திலிருந்தும் "வருந்துகிறோம்" என்றுதான் பதில். இல்லை என்று சொல்லும்போதுகூட ஆங்கிலேயனுக்கு எவ்வளவு மரியாதை!

ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். அப்போது மொன்றியலில் நமக்குக் கோயில் ஏது? மெட்ராசிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இங்கே பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் புத்தக அலுமாரியில், தடித்த பௌதிகப் புத்தகங்களுக்கு நடுவில், ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூடுவோம். அந்தப் பிள்ளையாரிடம் ஹொங்கொங் தந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பேன் என்றேன். பசிபிக் தந்தால் வெள்ளிக்குடை என்றேன். கரீபியனுக்குப் பொன் அங்குசம் வரைக்கும் போய்விட்டேன். அவர் அசையவில்லை.

அதன் பிறகுதான் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு சட்டச் சஞ்சிகையில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். சீஷெல்ஸ் தீவுகளுக்கு அரச சட்டத்தரணி வேண்டும். அங்கே கொடி பிரித்தானியருடையது, குற்றவியல் நடைமுறை ஆங்கில வழி, ஆனால் காணி, பூமி, முதுசச் சொத்து எல்லாம் பழைய பிரெஞ்சுச் சட்டம். பிரெஞ்சு பேசத் தெரிய வேண்டும். கியூபெக்கில் அப்படியானவர்கள் இருப்பார்கள் என்று எண்ணி மொன்றியலிலேயே நேர்முகம் வைத்தார்கள். வயதெல்லையைப் பார்த்தேன். எனக்கு அதுதான் கடைசி வருடம், அரைகுறைப் பிரெஞ்சோடு துணிந்து விண்ணப்பித்தேன்.

அதே கிழமை பண்டகசாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேற்பார்வை செய்யும் போர்மன் வேலை தருகிறேன், ஆனால் நிரந்தரமாக நிற்பேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும், வேறிடம் தேடுகிறவன் எனக்கு வேண்டாம் என்றார். பனிக்காலம் முடியும் வரை தவணை கொடுத்தார். ஆக, வழக்கு இதுதான். தீவு கிடைத்தால் நான் அப்புக்காத்து. கிடைக்காவிட்டால் போர்மன், கறுப்புக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "இந்த முறை பிள்ளையாருக்குத் தேரே செய்து தாறன் எண்டு நேரப்போறன்" என்றேன்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு வெக்கமில்லையே? அவரென்ன சந்தையிலை மீன் விக்கிறாரே, நீங்கள் விலை கூட்டிக் கூட்டிக் கேக்கிறதுக்கு? இனி நேர்த்தியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். அவரிட்டை எழுதிக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ!"

எழுதிக் கொடு என்றாள். அவள் கோபத்தில் சொன்ன சொல். ஆனால் காணி வழக்குக்காரன் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழுந்தது.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வீட்டில் பஜனை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் அலுமாரிக்கு முன்னால் நின்றேன். எழுதிக் கொடு என்கிறாளே, எந்த உறுதிப் பத்திரம் எழுதுவது? தொழில் புத்தி விடுமா! அறுதியாக எழுதினால் அது விற்பனை, விலை கேட்க வேண்டும், மறுபடியும் பேரம். நன்கொடையாக எழுதலாமென்றால், உண்மையைச் சொல்கிறேன், என் மனம் அவ்வளவு பெரிசில்லை. ஈடு வைத்தால் வட்டி கட்ட வேண்டும். நான் வட்டி கட்டுகிற அழகு அவருக்குத் தெரியாதா? மிஞ்சியது ஒற்றி.

இந்தியாவிலிருந்து வந்த அடியார்கள் ஒத்தி என்பீர்கள். கடன் வாங்கினவன் தன் காணியையே கடன் கொடுத்தவன் கையில் விட்டுவிடுவான். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக விளைச்சல் முழுவதும் கொடுத்தவனுக்கு. காணி மட்டும் வாங்கினவன் பேரில் இருக்கும். கடனைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணியை மீட்கலாம்.

"பிள்ளையாரே," என்று மெதுவாகச் சொன்னேன், "நீ எனக்கு முதலே தந்தது நிறைய. உயிர் தந்தாய், யோகத்தைத் தந்தாய், இந்த வாயைத் தந்தாய். அந்தக் கடனுக்காக என்னை உனக்கு ஒற்றி வைக்கிறேன். பேர் மட்டும் என் பேரில் இருக்கட்டும். இனி இந்தக் காணியில் விளைவது எல்லாம் உன்னுடையது. தீவு தந்தாலும் சரி, பெட்டி அடுக்க வைத்தாலும் சரி."

சாட்சிக்கு இரண்டு பக்கமும் பௌதிகப் புத்தகங்கள் நின்றன. பேராசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன வக்கீல் சார், பிள்ளையாரோட தனியா கேஸ் நடத்திண்டிருக்கேளா? சாம்பார் ஆறிடும், வாங்கோ" என்றார். போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். யோகம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஒற்றி பிடித்தவர் சும்மா இருப்பாரா? அடுத்த நாளே காணிக்குள் இறங்கிவிட்டார். கீழ்வீட்டில் மதாம் ஜெர்மேன் என்று ஒரு விதவை இருந்தார். கியூபெக்காரி, ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. அன்று காலை அவர் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். வீட்டுக்காரன் அவரைக் கிளப்புவதற்காக அவர் வீட்டு வெப்பத்தை மட்டும் நிறுத்திவிட்டானாம். வாடகை விசாரணை மன்றத்தில் முறையிட வேண்டும், கூட வர ஆளில்லை, நீங்கள் சட்டம் படித்தவராமே என்று கையால் பாதி, வாயால் பாதியாகச் சொன்னார். நேர்முகத்துக்குப் படிக்க வேண்டிய நேரம் எனக்கு. வேறு நாளென்றால் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் காணி என் கையில் இல்லையே. விளைச்சல் உன்னுடையது என்று சொல்லிவிட்டு, முதல் நாளே வேலி அடைப்பதா? "உள்ளே வாருங்கள், மதாம்" என்றேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்க மாலை நேரங்களில் மதாமின் சமையலறையில், எரிகிற அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் பிரெஞ்சில் அழுவார், திட்டுவார். நான் அகராதியும் கையுமாகக் கேட்பேன். பிறகு பதில் சொல்லத் தொடங்கினேன். என் பிரெஞ்சைக் கேட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு மேலே வந்து யோகத்திடம் அன்றைய கதையெல்லாம் சொல்லுவேன். என் வாய் திரும்பி வந்துவிட்டது என்பதை நான் உணர முதல் அவள் உணர்ந்தாள்.

விசாரணை வைத்த நாளைப் பாருங்கள். என் நேர்முகத்துக்கு முதல் நாள்! போனேன். பண்டகசாலையில் சம்பளமில்லாத லீவு சொல்லிவிட்டுப் போனேன். அந்தச் சின்ன அறையில், ஒரு மேசைக்கு முன்னால் எழுந்து நின்று, மதாமுக்காகப் பிரெஞ்சில் பேசினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவருக்காக எழுந்து நின்றேன். குரல் பிசகவில்லை. வென்றோம். அன்று பின்னேரமே வெப்பம் வந்தது.

விசாரணை அதிகாரி எனக்கு "மெர்சி" என்றார். நான் முழித்தேன். மதாம் முழங்கையால் இடித்து, "பியாங்வெனூ என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். நன்றி என்பவருக்குப் பரவாயில்லை, அதற்கென்ன என்று சொல்ல இந்த ஊரில் வழங்கும் சொல் அது. கடையிலும் பஸ்ஸிலும் நீங்கள் தினமும் கேட்பீர்கள்.

மறுநாள் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டேன். அந்துருண்டை மணம் போகவில்லை. யோகம் வாசலில் நின்று, "மணத்தாலேயே உங்களைத் தெரிஞ்செடுப்பினம், போங்கோ" என்று அனுப்பினாள். நகர நடுவில் ஒரு ஹோட்டல் அறையில் நேர்முகம். வெளியே வேறு சிலர் காத்திருந்தார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பிரெஞ்சுச் சட்டம் படித்த பெடியள். அவர்கள் பேசிய பிரெஞ்சுக்கு முன்னால் என் பிரெஞ்சு எந்த மூலைக்கு? எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் நினைப்பு வந்தது. சரி, ஒற்றிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற ஆங்கிலேய நீதிபதி. அவர் கேட்ட நடைமுறைக் கேள்விகளுக்கு நான் தூக்கத்திலும் பதில் சொல்வேன். மற்றவர் சீஷெல்ஸ்காரர், தலை நரைத்த சட்டத்தரணி. அவர் பிரெஞ்சில் தொடங்கினார்.

"கடன் வாங்கினவர் ஆன்டிக்ரேஸை மீட்க வரும் நாளில் மரத்தில் நிற்கும் தேங்காய் யாருக்குச் சேரும்?"

தேங்காய் விளங்கியது. மரம் விளங்கியது. நடுவில் அந்த ஆன்டிக்ரேஸ் என்ற சொல் மட்டும் கல்லுப்போல நின்றது. நான் கேள்விப்பட்டதே இல்லை. எதையாவது உளறி ஒப்பேற்றலாமா என்று நினைத்தேன். அப்பாவிச் சாட்சிகள் அப்படி உளறி மாட்டுப்படுவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! "ஐயா, மன்னிக்க வேண்டும், இந்தச் சொல்லை இன்றைக்குத்தான் கேட்கிறேன்" என்றேன். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

அவர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு விளக்கினார்.

"ஒருவன் கடன் வாங்குகிறான். தன் தென்னந்தோட்டத்தைக் கடன் கொடுத்தவன் கையில் விடுகிறான். வட்டி இல்லை. வட்டிக்குப் பதிலாகத் தேங்காயைப் பறித்துக்கொள்கிறான் மற்றவன்..."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"ஒற்றி!"

தமிழில்தான் கத்தினேன். ஆங்கிலேயர் துள்ளிப் போனார். அதற்குப் பிறகு என்னை யார் நிறுத்துவது? பண்டகசாலையில் சேர்த்து வைத்த பேச்செல்லாம் மடை திறந்தது. எங்கள் தேசவழமைச் சட்டத்தில் ஒற்றி என்றால் என்ன, மல்லாகத்தில் நான் பேசிய வழக்கு என்ன, அண்ணனும் தம்பியும் ஒரு பனங்காணிக்காக எப்படி அடித்துக்கொண்டார்கள், எல்லாம் வந்தது. மதாம் ஜெர்மேனின் சமையலறைப் பிரெஞ்சில், ஓடாத இடத்தில் ஆங்கிலத்தைப் போட்டு ஒட்டிச் சொன்னேன்.

"பயிர் நிற்கும்போது மீட்க எங்கள் வழமை விடாது, ஐயா. காத்துக் கிடந்து தண்ணீர் விட்டவன் பறித்து முடியட்டும். அதற்குப் பிறகுதான் காணி திரும்பும்."

சீஷெல்ஸ்காரர் முன்னால் குனிந்து, முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கள் தீவில் இந்தத் தேங்காய்க்காகச் சண்டை பிடிக்காத குடும்பமே இல்லை" என்றார். பிறகு எழுந்து கை கொடுத்து, "மெர்சி, மெசியூ" என்றார்.

நானும் பழக்கதோஷத்தில், நிமிர்ந்து நின்று, "பியாங்வெனூ" என்றேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய சொல்லல்லவா?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கியூபெக்குக்கு வெளியே மற்றப் பிரெஞ்சுக்காரருக்கு அந்தச் சொல் நன்றிக்குப் பதிலில்லை. நல்வரவு என்பதுதான் அவர்களுக்கு அதன் பொருள். வேலை கேட்டு வந்தவன், வேலை கொடுக்க வந்தவரைப் பார்த்து வருக வருக என்றிருக்கிறேன்! காது சுட்டது. எப்படி வெளியே வந்தேன் என்றே தெரியாது. இந்த மானக்கேட்டை நான் யோகத்திடமும் சொல்லவில்லை.

லண்டனிலிருந்து வர வேண்டிய பதில் வரவில்லை. பனி கரையத் தொடங்கியது. முன்பென்றால் பிள்ளையாரோடு வழக்காடத் தொடங்கியிருப்பேன். இந்த முறை என் மனம் கிடந்த அமைதி எனக்கே புதுசு. பயிர் நிற்கிற நேரத்தில் காணிக்காரன் ஏன் குறுக்கே போக வேண்டும்? மதாமின் சினேகிதி ஒருத்திக்கு வாடகை வழக்கு வந்தது, போனேன். புதிதாக வந்த தமிழ்ப் பெடியன் ஒருவனைக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி தந்த தவணையின் கடைசி நாளும் வந்தது. காலையில் யோகத்திடம், "இண்டைக்குக் கையெழுத்து வைக்கப் போறன். பிள்ளையாருக்குப் பெட்டிதான் விளைச்சல் எண்டால் பெட்டிதான்" என்றேன். அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

பின்னேரம் முதலாளியின் அறைக்குப் படியேறிக்கொண்டிருக்கிறேன், கீழே வாசலில் யோகம் நிற்கிறாள். தாதிச் சப்பாத்தோடு, சேறும் பனியும் மிதித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க நின்றாள். இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

"என்னப்பா, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

"இல்லை, இல்லை. லண்டனிலையிருந்து ஒருத்தர் போன் எடுத்தவர். உங்கடை பேர் சொன்னவர். மிச்சமெல்லாம் பிரெஞ்சு, கடகடவெண்டு கதைக்கிறார், எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. கடைசியாய் ஒரு சொல்லு. அதை உங்களிட்டைச் சொல்லட்டாம். இரண்டு தரம் சொல்லிப்போட்டு ஒரே சிரிப்பு."

"என்ன சொல்லு?"

"பியாங்வெனூ எண்டவர். ஏனப்பா அப்பிடிச் சொன்னவர்? நாங்கள் அவருக்கு இன்னும் ஒரு நன்றியும் சொல்லேல்லையே!"

படியிலேயே இருந்துவிட்டேன். அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை. பண்டகசாலைப் பெடியள் எல்லோரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். யோகம் விளங்காமல் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பேசினவர் சீஷெல்ஸ்காரர், தீவுக்கு வருக என்கிறார் என்று விளக்கிச் சொன்னதும் அவளும் பக்கத்தில் இருந்து அழுதாள். நியமனக் கடிதம் பிறகு முறைப்படி வந்தது. அது வந்தபோது எங்களுக்குப் புதினமாகவே இல்லை.

தீவில் பிரித்தானியக் கொடி இறங்கும் வரை அரச சட்டத்தரணியாக இருந்தேன். தேங்காய் வழக்குகள் எத்தனை பேசினேன் என்று கேட்காதீர்கள், யோகம் அடிப்பாள். இப்போது திரும்பவும் இதே ஊரில், உங்களோடு. கோட்டுக்குப் போவதில்லை. ஆனால் வாடகை, குடிவரவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரம் என்று யார் வந்து கதவைத் தட்டினாலும் கூடப் போகிறேன். ஒற்றி இன்னும் மீட்கப்படவில்லை. மீட்கிற எண்ணமும் எனக்கில்லை. என் கையில் இருந்தபோது தரிசாகக் கிடந்த காணி இது.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பீர்கள். எனக்குத் தெரியும். விலை பேசாதீர்கள். தேரும் குடையும் அவருக்கு வேண்டாம். உங்களை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் கதவைத் தட்டுகிறவருக்குத் திறந்துவிடுங்கள். அவர் காணியை அவர் பார்த்துக்கொள்வார். இது சட்டம் படித்தவன் சொல்லுகிற சாட்சியம், குறுக்கு விசாரணைக்கும் நான் ஆயத்தம்.

யோகம் அன்றைக்குக் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் நன்றி சொல்ல முதலே அவர் பியாங்வெனூ சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய சொல்லை, பிந்தியென்றாலும், இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் எழுதி வைக்கிறேன்.

மெர்சி, பிள்ளையாரே.